எரியாத மருந்து

நாகல் நகர் மெடிக்கலில், தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கும் ஞானதாஸ் ரத்தம் சொட்டும் கையை நீட்டினார்.

"தோல்ஷாப்புக் கத்தியாண்ணே?" என்றான் கடைக்கார ஃபாரிஸ்.

"அதேதான். புண்ணு கழுவ, விலை கம்மியா நல்ல மருந்து குடு தம்பி. சீழ் பிடிக்கக் கூடாது."

"ரெண்டு இருக்கு. ரெண்டும் நல்லாக் கேக்கும், விலையும் கம்மிதான். இது எரியாது. அது உசுரு போற மாதிரி எரியும்."

ஃபாரிஸ் பஞ்சில் நனைத்துக் கொடுத்த இரண்டையும் ஞானதாஸ் தன் காயத்திலேயே வைத்துப் பார்த்தார். முதலாவதற்குத் தலையாட்டினார். இரண்டாவதற்குப் பல்லைக் கடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"யப்பா! இம்புட்டு எரியுது! ரெண்டையும் குடு."

"எதுக்குண்ணே வீண்செலவு? எரியாததே போதும்."

"அது என் மக ஐரினுக்கு. மாப்பிள்ளை பெல்ட்டால அடிச்சதுல முதுகுத்தோல் பூராக் கிழிஞ்சு கெடக்கு."

"அப்ப எரியுறது உங்க கைக்கா?"

"மாப்பிள்ளைக்கு. தோல்ஷாப்புலதான் கட்டிப் போட்டிருக்கேன்."

"அவருக்கு எதுக்குண்ணே மருந்து?"

ஞானதாஸ் இரண்டு பாட்டிலையும் மடியில் கட்டிக்கொண்டார்.

"புண்ணு ஆறணும்ல தம்பி? ஆறுனாத்தானே மறுபடியும் உரிக்கலாம்."