போலந்துப் பெட்டி

“பொறுங்கோ அப்பா, பிழை விட்டிட்டன். வணக்கம் சொல்லாமல் மருந்தை நீட்டிப்போட்டன். திரும்ப வெளியால போய் வாங்கோ.”

அரியரத்தினம் முகம் சுளிக்கவில்லை. அறைக் கதவுக்கு வெளியே போய், தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி உள்ளே வந்தார். தொழிற்சாலையிலிருந்து வந்து இன்னும் தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆனால் மகளின் பரீட்சை என்றால் தொலைக்காட்சி வயரையே கழற்றி ஒளித்துவைக்கிற மனிதர் அவர்.

மிதுசாவுக்குப் பகலில் ஜேர்மனியின் ஹம் நகர ரயில் நிலையத்துப் பேக்கரியில் வேலை, மாலையில் மருந்துக்கடை உதவியாளருக்கான வகுப்பு. நாளைக்கு வாய்மொழிப் பரீட்சை என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாள். பரீட்சகர் இலேசில் மசியாத ஒரு வாடிக்கையாளராக வருவார், அவரை மருந்து எடுக்கச் சம்மதிக்கவைக்க வேண்டும். ஒத்திகைக்கு வீட்டில் கிடைத்தது அப்பாவின் பிறஷர் குளிசைப் பெட்டி மட்டும்தான்.

“வணக்கம் ஐயா. இந்தாங்கோ உங்கட மருந்து.”

“இதென்ன பிள்ளை, போலந்துப் பெட்டிக்கு மேல ஜேர்மன் ஸ்டிக்கர் ஒட்டிக் கிடக்கு? ஆரை ஏமாத்துறியள்?”

 மிதுசா பெட்டியின் ஸ்டிக்கரைச் சுட்டிக் காட்டினாள்.

“ஏமாத்து இல்லை ஐயா. ஒரே கொம்பனி செய்யிற குளிசைதான். அங்க அரசாங்கம் பேரம் பேசி விலையைக் குறைச்சு வச்சிருக்கு. இங்கத்தை வியாபாரி அங்க வாங்கி, ஜேர்மனில எழுதி ஒட்டி விக்கிறார். நீங்கள் எல்லை தாண்டி ஹொலண்டில போய்க் கோப்பித்தூள் வாங்கிறேல்லையே? அதே கோப்பிதானே, விலைதான் குறைவு.”

“கோப்பிப் பைக்கற்றை ஆரும் உடைச்சுத் திரும்ப ஒட்டுறேல்லை. இதை உடைச்சிருக்கு, பார்.”

“ஜேர்மன் விளக்கத்தாள் வைக்கத்தான் உடைச்சவை. அதுக்கு அவை அனுமதி எடுக்கவேணும். நானும் பெட்டியை மெசினில காட்டி, அசல்தானோ எண்டு பாத்துத்தான் தாறன்.”

“குளிசை அட்டையில கிழமையும் போலந்துப் பாஷையில கிடக்கு. எது திங்கள், எது செவ்வாய்?”

“வரிசை மாறாது ஐயா. போலந்திலயும் திங்களுக்குப் பிறகு செவ்வாய்தான்.”

சமையலறையில் அம்மா சந்திரகாந்தி சிரிப்பது கேட்டது. “இப்பிடி ஒரு மனுசன் பரீட்சைக்கு வந்தால் பிள்ளை அழுதுகொண்டுதான் வீட்டுக்கு வரும்.”

“நீர் சும்மா இரும், இங்க பரீட்சை நடக்குது,” என்றார் அரியரத்தினம். பிறகு மகள் பக்கம் திரும்பினார். “சரி, மலிவாத்தானே வருது. எனக்கு எவ்வளவு குறைப்பியள்?”

வகுப்பில் இதற்கு அழகான பதில் ஒன்று சொல்லித் தந்திருந்தார்கள். அது இவரிடம் எடுபடாது என்று மிதுசாவுக்குப் பட்டது, உள்ளதையே சொன்னாள்.

“உங்களுக்கு ஒண்டும் குறையாது ஐயா. நீங்கள் கட்டுற பங்கு மாறாது. மிச்சம் பிடிக்கிறது காப்புறுதிக்காரரும் கொண்டுவாற வியாபாரியும்தான்.”

“அப்ப ஆருக்கோ லாபம் வர நான் போலந்துக் குளிசை விழுங்கவேணுமோ? நல்ல கதையாக் கிடக்கு. இங்க அள்ளிக்கொண்டு வந்தால் அங்கத்தைச் சனத்துக்குத் தட்டுப்பாடு வராதோ?”

“சிலவேளை வரும். அப்ப அவையின்ர அரசாங்கம் மறிக்கும். இதில எல்லாம் நல்லது எண்டு நான் சொல்லேல்லை ஐயா.” அவள் குரல் இறங்கியது. “ஆனா இந்தப் பெட்டி இங்க வந்திட்டுது. நீங்கள் விழுங்காட்டி லாபம் எடுத்தவனுக்கு ஒரு சதமும் குறையாது. பிறஷர் ஏறிக் கை கால் இழுத்தால் உங்களுக்குத்தான். உங்கட பிள்ளையள் என்ன செய்வினம்?”

அரியரத்தினம் பெட்டியை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார்.

“உது நல்ல பதில்,” என்றார் கடைசியில். “நாளைக்கும் அப்பிடியே சொல்லு. தா, வாங்கிறன்.”

“வாங்கினால் காணாதப்பா. எடுக்கிற முறையை நான் விளங்கப்படுத்தி, நீங்கள் போட்டுக் காட்டினால்தான் முழுப் புள்ளி.”

“உண்மையாப் போடவேணுமோ?”

“ஓம். நடிச்சால் எனக்குப் பழக்கம் வராது.”

அவர் அட்டையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு ஒரு குளிசையை வாயில் போட்டு, அவள் நீட்டிய தண்ணீரை மளமளவென்று குடித்தார்.

“பாஸ்,” என்று சிரித்தார். “நாளைக்கு வாறவன் என்னைவிட விண்ணனா இருக்கமாட்டான். நீ பயப்பிடாத.”

தானே பரீட்சையில் தேறிவிட்டவர்போலச் செய்தி பார்க்கப் போனார்.

மிதுசா வெறும் கிளாஸோடு சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

“ஸ்டிக்கரைக் கண்ட நாள் தொட்டு ஒரு குளிசை தொடாத மனுசன்,” அம்மா குரலைத் தாழ்த்தினாள். “டொக்டர் சொல்லி, நான் கெஞ்சிக்கூட அசையேல்லை. காரியம் முடிஞ்சுதுதானே பிள்ளை, பரீட்சை போன மாதமே பாஸ் எண்டு இனியாவது அவருக்குச் சொல்லன்.”

“ஒரு குளிசையோட முடியிற வருத்தமே அம்மா?” மிதுசா கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தாள். “நாளைக்குக் காலமை, பரீட்சையை அடுத்த கிழமைக்குத் தள்ளிப்போட்டிட்டினம் எண்டு சொல்லவேணும்.”