கழனித்தண்ணியில் ஜப்பான் கிண்ணம்

"எழுத்தைக் காணோம்" என்றார் உபகாரசாமி வாத்தியார். கையில் ஜப்பான் மண் கிண்ணம், சொட்டச் சொட்ட. அவருக்கு வடிந்த வியர்வையைத் தேக்கியிருந்தால் பள்ளத்தூர் ஊருணி அந்தக் கோடையிலும் நிரம்பி வழிந்திருக்கும்.

மனைவி சந்தனமேரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். புதுச்சட்டி வாசம் அடித்ததாம். மீன்குழம்புக்குப் பழக்கலாமென்று கழனித்தண்ணியில் ஊறப்போட்டு, தேங்காய் நாரால் நாலு இழுப்பு இழுத்தாராம்.

"அடியில கரி ஒட்டியிருந்துச்சு. அதையும் தேச்சுட்டேன். ஏன் இப்படி முழிக்கிறீக?"

அந்தக் கரிதான் எழுத்து. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் மையால் எழுதிய மூன்றெழுத்து என்று, வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருந்த ஜப்பான் பேராசிரியர் மொரிதா காலையில் கிண்ணத்தை ஒப்படைத்தபோது சொல்லியிருந்தார்.

முந்தின நாள் காரைக்குடி பஸ்ஸில் நெரிசல்பட்டு, சந்தையில் மண்பாண்டக் கடையெல்லாம் சுற்றிவிட்டுத் தாமதமாக வந்தவர், பையை நெஞ்சோடு அணைத்தபடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். காலையில் வெளியே வந்தபோது, ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர்போல விரலில் கறுப்பு மை. "மாலையில் கல்லூரியில் காட்ட வேண்டும், கவனம்" என்று புத்தகத் தமிழில் சொல்லிவிட்டுத் திருக்கோஷ்டியூர் கோயிலைப் பார்க்கப் போனார். பன்னிரண்டு மணிக்குத் திரும்பிவிடுவார்.

மகள் மரிய அனிதா ஜப்பானில் போய்ப் படிப்பதற்கு மொரிதா கையெழுத்துப் போடவேண்டிய தாள் மேசைமேல் கிடந்தது. வாத்தியார் அதைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், சுவரிலிருந்த மாதாவையும் பார்த்தார். மூவரும் வாய் திறக்கவில்லை.

அனிதாதான் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். காலையில் அந்த மூன்றெழுத்தையும் ஆசையாக வரைந்து வைத்திருந்தாள்.

பாத்திரங்களில் பேர் வெட்டும் ஆண்டியப்பனுக்கு ஆள் பறந்தது. மாவட்டத்திலுள்ள அண்டா குண்டா அத்தனையிலும் அவர் உளி பட்டிருக்கும். உளியை உள்ளே வையுங்கள், இன்றைக்குத் தூரிகையும் மையும்தான் என்று வாத்தியார் கெஞ்சினார்.

ஆண்டியப்பன் நோட்டைத் தலைகீழாகப் பிடித்தார். அனிதா அதை நேராகத் திருப்பிக் கொடுத்தாள். மூச்சை அடக்கி மூன்றெழுத்தையும் எழுதி முடித்தவர், கிண்ணத்தைக் கீழே வைக்க மனமில்லாமல் நின்றார்.

"உங்க இனிஷியலையும் போட்டுரட்டுமா சார்? நாளைக்கு விசேஷ வீட்டுல மாறிப் போயிறக் கூடாதுல்ல?"

வாத்தியார் அவரைப் பின்வாசல் வழியாகத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தவும், முன்வாசலில் மொரிதா செருப்பைக் கழற்றவும் சரியாக இருந்தது.

வந்ததும் கிண்ணத்தைத்தான் எடுத்தார். கவிழ்த்தார். லென்ஸை வைத்துப் பார்த்தார், பார்த்தார், மூன்று பாண்டியர்கள் ஆண்டு முடிக்கும் நேரம் பார்த்தார். சந்தனமேரி கரண்டியோடு கல்லாகிப் போனார். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளத்தான் வாத்தியார் ஓரடி முன்னால் வந்தார்.

மொரிதாவின் கண்கள் கலங்கின. லென்ஸைக் கீழே வைத்தார். அனிதாவின் தாளைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு வாத்தியாரின் காதருகே குனிந்து, மை படிந்த விரலை வாயில் வைத்து, மெல்லச் சொன்னார்:

"நேற்று நான் எழுதியதைவிட இது நன்றாக இருக்கிறது, ஐயா."