பின்பக்கமாக வரவும்

மாசி பிறந்ததும் வாசல் அழைப்புமணியின் கம்பியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியது. கதவைத் திறந்தால் கூடு ஆடியது. தணிகாசலம் ‘பின்பக்கமாக வரவும்’ என்று ஒரு தாளில் எழுதி வெளியே ஒட்டினார்.

அதன்பின் வந்தவர்கள் எல்லோரும் சமையலறை வழியாகவே நுழைந்தார்கள். அரிசி டிரம் மேல் உட்கார்ந்தார்கள். யாரும் கேட்காமலே மொச்சை உரித்துக் கொடுத்தார்கள். இருபத்தாறு வருடமாகக் கூடத்துக்குக் காப்பி கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிய அவர் மனைவி குமுதவல்லி, அவர்களோடு உட்கார்ந்து பேசினாள். கூடத்தில் தணிகாசலம் செய்தித்தாளோடு தனியாக இருந்தார்.

“குஞ்சு பறந்துருச்சா?” என்று அங்கிருந்தே தினமும் கேட்பார்.

“இன்னும் றெக்கையே முளைக்கல” என்பாள். கூடு காலியாகி ஒன்பது நாள் ஆகியிருந்தது.

பங்குனியில் ஒருநாள் அவர் பின்பக்கமாக உள்ளே வந்தார். அரிசி டிரம் மேல் உட்கார்ந்து மொச்சை முறத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

“வெயில்ல எழுத்து மங்கிப்போச்சு. வேற தாள் எழுதி ஒட்டிட்டுத்தான் வரேன்.”

குமுதவல்லி அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள். “கூட்டை எட்டிப் பாத்தீங்களா?”

அவர் ஒரு மொச்சையை உரித்தார்.

“பாத்தேன். இன்னும் றெக்கையே முளைக்கல.”