இடது கோடிக் குரல்

"அங்கிள், உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்றான் ஜெகன், மூன்றாவது தடவையாக.

"பேசு, யாரு வேண்டாம்னா? முதல்ல இந்தப் பையைப் பிடி" என்று ஐந்து கிலோ பச்சரிசியை அவன் கையில் திணித்தார் ஆல்பர்ட்.

டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் சனிக்கிழமைக் காலைக் கூட்டம். எழுபத்தாறு வயது ஆல்பர்ட், குரங்குக் குல்லாவை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார். கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கு சுட வேண்டும். மனைவி இறந்த பிறகு அந்த வேலையை அவரே எடுத்துக்கொண்டார். முதல் வருஷம் மாவு அச்சை விட்டு வரவே மாட்டேன் என்றது. இப்போது சபையில் பாதிப் பேர் அவருடைய டப்பாவுக்குத்தான் காத்திருக்கிறார்கள்.

முறுக்கைப் பற்றிப் பேசவா ஜெகன் வந்தான்? அவன் சபையின் பாடகர் குழுச் செயலாளர். குழுவை நடத்தும் ஸ்வப்னா நேற்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ஆண்கள் வரிசையில இடது கோடியில ஒரு குரல் சுருதி விலகுது. மேல போகும்போது அப்படியே உடையுது. போன வாரம் ஆல்பர்ட் அங்கிள் வரலை, பாட்டு எவ்வளவு சுத்தமா இருந்துச்சு தெரியுமா? கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனைக்கு ரெண்டே வாரம்தான் இருக்கு. நீங்கதான் பக்குவமா சொல்லணும்."

போன வாரம் ஒத்திகை நேரத்தில் அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனதும் ஜெகன்தான், இடது கோடியில் அவருக்குப் பக்கத்தில் நிற்பவனும் அவன்தான். அந்த உரிமையில் இந்த வேலையும் அவன் தலையில் விழுந்தது. இன்று சாயங்காலம் ஒத்திகை. அதற்குள் சொல்லியாக வேண்டும்.

நாற்பத்தொரு வருஷமாகப் பாடுகிறவர். சர்க்கார் உத்தியோகத்தில் ஓய்வு பெற்ற அன்று, "கொயர்ல ரிட்டயர்மென்ட் கிடையாதுலே" என்று சிரித்தவர். முட்டிவலிக்காக முன்னால் நாற்காலி போட்டபோதுகூட, "வேண்டாம், நான் ஜெகன் பக்கத்துலயே நிக்கேன்" என்றவர். அவரிடம் போய் எப்படிச் சொல்வது? ஜெகனுக்குக் காலையில் தோசை இறங்கவில்லை.

ஆல்பர்ட் ஒரு தேங்காயைக் காதருகே வைத்துக் குலுக்கினார். "பையா, யே நஹி, தூஸ்ரா" என்று கடைக்காரரிடம் இந்தியில் வேறு கேட்டு, அதை ஒதுக்கினார்.

"கண்ணு மங்கிட்டு, முட்டி தேஞ்சிட்டு. காது மட்டும் கர்த்தர் கிருபையில பழுதில்ல, பாத்துக்கோ."

இதுதான் சமயம் என்று ஜெகன் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான். "அங்கிள், இந்த வருஷம் கேரல் ஆராதனையில... நீங்க முன்னாடி உக்காந்து பாட்டு கேட்டா நல்லா இருக்கும்னு ஸ்வப்னா..."

ஆல்பர்ட் தேங்காயைக் கீழே வைத்தார். "இடது கோடியில சுருதி விலகுதுன்னாளா?"

"மேல போகும்போது... கொஞ்சம் உடையுதாம்." ஜெகனின் தலை அரிசிப் பைக்குள் போய்விடும்போல் இருந்தது.

கடைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார் ஆல்பர்ட்.

"இதுக்கா காலையிலேர்ந்து திருதிருன்னு முழிச்சே? எனக்கு ஒரு வருத்தமும் இல்லலே. பாட்டு போனா என்ன, ஆமென் சொல்ல வாய் இருக்குல்லா? நானே விலகிக்கிடுதேன்னு ஸ்வப்னாகிட்ட இன்னைக்கே சொல்லிருதேன். ஒத்திகைக்கு மட்டும் தவறாம வருவேன். எல்லாருக்கும் சுக்குக்காப்பி ஊத்த ஒரு ஆள் வேணும்லா?"

ஜெகனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வயதில் தனக்கு இப்படி ஒரு மனசு வருமா?

"உங்க இடத்துல நான் இருந்தா சண்டைக்குப் போயிருப்பேன் அங்கிள்."

"என்னை விடு. உன்னை நினைச்சாத்தான் எனக்குக் கவலை. இன்னைக்குச் சாயங்காலமும் அந்தக் குரல் உடைஞ்சா, ஸ்வப்னா பழியை யார் மேல போடுவா?"

"நீங்கதான் பாட மாட்டீங்களே, அப்புறம் எப்படி அங்கிள் உடையும்?"

ஆல்பர்ட் அவன் தோளில் கை போட்டு, காதோரமாகக் குனிந்தார்.

"எனக்குக் குரல் போயி ரெண்டு வருஷம் ஆச்சுலே. அன்னையிலேர்ந்து உன் பக்கத்துல நின்னு வாயை மட்டும்தான் அசைக்கேன்!"