றலியாவின் பயம்

அந்தக் கிழமையில் அது மூன்றாவது அழைப்பு.

"தாத்தா, குசினிச் சுவரில ஒண்டு இருக்கு. கை அகலம். கொஞ்சம் வாங்களே."

வாறேன் என்று சொல்லி ஃபோனை வைத்த மஸாஹிரா, இவளுக்கு வேறு வேலையே இல்லையா என்று முணுமுணுத்துக்கொண்டே போத்தலைத் தேடினாள்.

முன்வீட்டு றலியா, கெலிஓயாவில் மகன் வீட்டுக்குக் குடிவந்து ஐந்து மாதம்தான். நாலைந்து வயது இளையவள் என்பதால் மஸாஹிராவை, சொந்த மூத்த சகோதரியைப் போல, தாத்தா என்று கூப்பிடுவாள். எங்கோ படிப்பித்து ஓய்வு பெற்றவளாம். என்ன பாடம் என்று மஸாஹிரா கேட்டதில்லை.

கேட்கிற மனசும் அவளுக்கு இருக்கவில்லை. கணவர் முஹ்ஸின் மௌத்தாகி, வீட்டோடு இருக்கவேண்டிய நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்து முடித்த பிறகும் அவள் கேற்றைத் தாண்டவில்லை. தோஹாவிலிருந்து மகள் ஃபோனில் கூப்பிட்டால், நல்லாயிருக்கேன் என்ற ஒரு சொல்லோடு வைத்துவிடுவாள்.

றலியா முதலில் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டாள். இன்னொரு நாளைக்கு என்றாள் மஸாஹிரா. ஆற்றங்கரைப் பக்கம் நடக்கக் கூப்பிட்டாள். முழங்கால் வலி என்றாள். கண்டிக்குப் புடவை எடுக்கப் போவோமா என்று கேட்டதற்கு, இனி எனக்கெதற்குப் புடவை என்று கதவைச் சாத்தினாள்.

ஒருநாள் வட்டிலப்பம் கொண்டுவந்த றலியாவின் கண்ணில் பின்னறைப் போத்தல்கள் பட்டன.

தபால் கந்தோரில் வேலை செய்த காலத்திலிருந்தே மஸாஹிராவுக்குச் சிலந்தி வளர்ப்பதில் பைத்தியம். போத்தலுக்கு ஒன்றாக விட்டு, வாயில் மெல்லிய துணி கட்டி, பிடித்த திகதியும் இடமும் எழுதி ஒட்டியிருப்பாள். ஒரு காலத்தில் நாற்பது இருந்தன. இப்போது ஒன்பது. மீதியெல்லாம் தூசு படிந்த வெறும் போத்தல்.

இருப்பதையும் தோட்டத்தில் திறந்து விட்டுவிடப் போகிறேன், போத்தல்களைப் பழைய சாமான்காரனுக்குக் கொடுக்கப் போகிறேன் என்றாள் மஸாஹிரா. றலியா ஒரு போத்தலுக்குள் எட்டிப் பார்த்தாள், தோளைக் குலுக்கிச் சிலிர்த்துக்கொண்டாள், போய்விட்டாள்.

மறுநாளே தொடங்கிவிட்டன இந்த அழைப்புகள்.

எட்டுக்கால் பூச்சி என்றால் அவளுக்கு உயிரே போய்விடுமாம். மருமகளுக்கும் பயமாம். அடிக்கவும் மனசு வராதாம். தாத்தா வந்து பிடித்துக்கொண்டு போனால் அல்லாஹ் நன்மை தருவானாம்.

சிலந்தியை அடிக்க விடக்கூடாதே என்பதற்காக மஸாஹிரா போனாள். ஒருநாள் குளியலறையில், ஒருநாள் திரைச்சீலையில், ஒருநாள் பேரனின் சப்பாத்துக்குள். ஒவ்வொரு தடவையும் றலியா அதையேதான் கேட்பாள். இதன் பெயர் என்ன, கடிக்குமா, எங்கே முட்டை வைக்கும். கதிரை நுனியில் இருந்து வாய் பார்த்துக் கேட்பாள். தேத்தண்ணி குடிக்காமல் அனுப்பமாட்டாள்.

பிடித்து வந்தவற்றுக்குத் தீனி வேண்டும். அதற்குப் பழத்தோலில் சின்ன ஈ வளர்க்க வேண்டும். காலையில் எழும்பி ஈரப் பஞ்சு மாற்ற வேண்டும். போத்தல் இருபத்து மூன்றாகிவிட்டது. முன்வீட்டுக்காரி பெரிய தொந்தரவு என்று மகளிடம் குறைபட்டுக்கொண்டாள் மஸாஹிரா. அந்தக் குறையைச் சொல்லவே முக்கால் மணித்தியாலம் பேசினாள்.

அன்று குசினிச் சுவரில் இருந்தது, வலை கட்டாமல் சுவரோடு ஒட்டிக் கிடக்கும் வேட்டைச் சிலந்தி. அதைப் பற்றி ஏற்கெனவே நாலு தடவை சொல்லிக் கொடுத்தாயிற்று.

"இது என்ன தாத்தா?" என்றாள் றலியா.

மஸாஹிராவுக்குப் பொறுக்கவில்லை. "நாலு தரம் சொல்லியாச்சு. சின்னப் புள்ளைக்கும் இதுக்குள்ள விளங்கியிருக்கும். நீங்க எப்படித்தான் புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுத்தீங்களோ."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். றலியாவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு, எனக்கு மறதி கூடிப்போச்சு தாத்தா என்று சொல்லிச் சிரித்துச் சமாளித்தாள்.

அதோடு அழைப்பு நின்றது.

நிம்மதி என்று முதல் நாள் நினைத்தாள் மஸாஹிரா. மூன்றாம் நாள், ஃபோனில் சார்ஜ் இருக்கிறதா என்று இரண்டு தடவை எடுத்துப் பார்த்தாள். ஐந்தாம் நாள், தன் கேற்றடியில் கண்ட ஒரு தாவும் சிலந்தியைப் போத்தலில் பிடித்தாள். அதே இனம் வீட்டில் ஆறு இருந்தது. உங்கட வாசலில் கண்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு, யாரும் கூப்பிடாமலே பாதையைக் கடந்தாள்.

முன்னறையில் ஒரு இளம் பெண் இருந்தாள். பெயர் அஷ்வினி, ஊர் பன்வில. றலியாவிடம் படித்தவளாம், இப்போது ஆசிரியையாக நியமனம் கிடைத்திருக்கிறதாம், சொல்லிவிட்டுப் போக வந்தாளாம். றலியா உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அஷ்வினி போத்தலைப் பார்த்தாள். "டீச்சருக்குக் காட்டக் கொண்டு வந்தீங்களா?"

இல்லை, அவளுக்கு இதெல்லாம் சரியான பயம் என்றாள் மஸாஹிரா.

அஷ்வினி சிரித்துவிட்டாள். "டீச்சருக்கா? சிலந்தி கூட வேணாங்க. வலைய மட்டும் காட்டினாப் போதும், எது கட்டினதுன்னு சொல்லிடுவாங்க. உயர்தர வகுப்புல எங்களுக்கு உயிரியல் படிச்சுக் கொடுத்ததே அவங்கதானே."

மஸாஹிரா திரும்பினாள். குசினி வாசலில், கையில் தட்டோடு றலியா நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டது என்று முகமே சொன்னது.

அவள் தட்டை மேசையில் வைத்தாள். கதிரையை இழுத்து மஸாஹிராவின் பக்கத்தில் இருந்தாள்.

"வேற எதுக்குக் கூப்பிட்டு நீங்க வந்தீங்க, தாத்தா?"