ஏழாவது ஆள்

"மொத்தமும் போச்சு சார். கடைசி ஆட்டத்துல கையில மூணு ராஜா இருந்துச்சு. எதிர்ல இருந்தவன் அதுக்கும் மேல ஃபிளஷ் காட்டிட்டான்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான் பச்சைத்தண்ணி.

கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவர் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றி மேசைமேல் வைத்தார். காலையில் அவர் கையால் எடுத்துக் கொடுத்த ஐம்பதாயிரம் அது.

"சரி, விடு. சாப்பிட்டியா?"

அவன் இல்லை என்று தலையாட்டினான். முதலில் போய்ச் சாப்பிடு என்று அவனை அனுப்பிவைத்தார்.

கடைக்கு எதிர் மாடியில் போக்கர் என்ற சீட்டாட்ட கிளப். கையில் திறமை இருந்தும் பையில் காசில்லாத ஆட்டக்காரர்களுக்குப் பெரியவர் பணம் போடுவார். ஜெயித்தால் ஆளுக்குப் பாதி, தோற்றால் நஷ்டம் முழுக்க அவருடையது. ஆடி முடித்ததும் நேராக வந்து நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

பத்து மாதத்தில் ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேரும் நாமம் போட்டுவிட்டுப் போனார்கள். குடிக்காமல், புகைக்காமல் இருந்து கிளப்பில் பச்சைத்தண்ணி என்று பட்டப்பெயர் வாங்கிய இவன் ஏழாவது ஆள்.

போன மாதம் தோற்றுவிட்டு வந்தபோது, மிச்சமிருந்த முந்நூற்று நாற்பதைச் சில்லறையோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு பெரியவர் அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினார். நம்பகமான ஆள், ஒரே ஓர் ஆள் கிடைத்தால் போதும் அவருக்கு. எட்டாவது ஆளைத் தேடப் பணமும் இல்லை, நாளும் இல்லை.

அவன் படியிறங்கிப் போன கொஞ்ச நேரத்தில் கிளப் காசாளர் உள்ளே வந்தார். ஆட்டக்காரர்களிடம் பிளாஸ்டிக் காயினை வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்காருபவர். இரண்டு பெண் பிள்ளைகள், மாமியார், மாமனார் என்று ஒற்றைச் சம்பளத்தில் அல்லாடுகிற குடும்பஸ்தர். ஒரு வருடப் பழக்கம்தான், ஆனால் பெரியவர் மேல் பாசம்.

"என்னண்ணே சொன்னான்?"

"மொத்தமும் போச்சுன்னான்."

காசாளர் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "முப்பத்தெட்டாயிரத்துக்குக் காயின் கொண்டுவந்து மாத்திட்டுப் போனான். எண்ணிக் கொடுத்ததே நான்தான்."

பெரியவர் லென்ஸை எடுத்து மாட்டினார். பார்ப்பதற்குக் கடிகாரம் எதுவும் மேசையில் இல்லாததால் மறுபடி கழற்றினார். மனசு விட்டுப் போயிருந்தது.

"சட்டையைப் பிடிச்சு ரெண்டு போடட்டுமா?"

"வேண்டாம் தம்பி. போனது போகட்டும்."

"உங்க மேலயும் தப்பு இருக்குண்ணே. நான் அனுப்பின ஆள் எப்பேர்ப்பட்ட கை. அவருக்கு அறுபது வயசாயிடுச்சு, வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டீங்க. சீட்டைப் பத்தி ஒரு கேள்வி கேக்கலையாம். சட்டுனு கோபம் வருமா, தூங்கும்போது கூப்பிட்டா எழுந்திருப்பீங்களான்னு கேட்டீங்களாம். சீட்டாட ஆள் எடுக்கறீங்களா, காவலுக்கு ஆள் எடுக்கறீங்களா?"

"கோபக்காரன் நமக்கு ஒத்துவராது."

"கடையையும் வித்தாச்சு. அடுத்த மாசம் காலி பண்ணணும். சூதாடுற இடத்துல போய் யோக்கியனைத் தேடறது கல்லுல நார் உரிக்கிற வேலைண்ணே."

"அங்கதான் தேடணும்" என்றார் பெரியவர். "தோத்துட்டேன்னு ஒருத்தன் வந்து நின்னா, அது நிஜமா பொய்யான்னு அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். நீ அந்த ஜன்னல்ல உக்காந்திருக்கறதால எனக்கும் தெரியுது. யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சும் நிஜம் பேசறான் பாரு, அவன்தான் எனக்கு வேணும்."

"அப்படி ஒருத்தன் கிடைச்சு, அவனை வெச்சு சம்பாதிச்சு, இந்த வயசுல என்ன கோட்டையா கட்டப் போறீங்க?"

"சம்பாதிக்க யாரு ஆள் தேடினா?"

காசாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னே எதற்கு இத்தனை பணத்தைத் தண்ணீராய் விட்டீர்கள் என்று கேட்டார்.

பெரியவர் மேசையில் கிடந்த திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டார். ஒன்று கீழே விழுந்தது. அதைத் தேடக்கூட அவர் குனியவில்லை.

"டாக்டர் எனக்கு ஒரு வருஷம்தான் கெடுன்னு சொன்னாரு. பதினோரு மாசம் முடிஞ்சுபோச்சு. வீட்ல எனக்கு ஒரு பையன் இருக்கான், முப்பது வயசு. பொறந்ததுல இருந்து படுக்கையிலதான். வீட்டை எழுதிவெச்சு அவனை ஒருத்தன் கையில ஒப்படைச்சுட்டுப் போகணும்."

காசாளர் நின்றுகொண்டிருந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வருடமாகப் பக்கத்திலிருந்தும் இது தெரியாமல் போயிற்றே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இதுக்கு ஏண்ணே இவ்வளவு சோதனை? சுமாரான ஒருத்தனைப் பாத்து வேலைக்கு வெச்சுடலாம். வாராவாரம் நானே வீட்டுக்குப் போறேன். வேளைக்குச் சோறு போடறானா, கை நீட்டறானான்னு உங்க பையன்கிட்டயே கேட்டுடறேன்."

பெரியவர் திருகாணி டப்பாவை மூடினார்.

"அவனுக்குப் பேச வராது தம்பி."