கருவாட்டுப் பொட்டலம்

வியாகுலத்துக்கு வாயில் வந்த புற்றுநோயை மெட்ராஸில் அறுத்து எடுத்துவிட்டார்கள். பிழைத்துக் கப்பலில் தீவுக்கு வந்து இறங்கிய மனுஷனை, பெண்டாட்டி கிளாரா பட்டினி போடாத குறையாக வாட்டுகிறாள் என்பதுதான் ஜங்லிகாட் குப்பம் முழுக்கப் பேச்சு.

மீன்பிடிக்கிறவர் வீட்டில் ஒரு துண்டு கருவாடு கிடையாது. உப்பில்லாக் கஞ்சி, உப்பில்லாக் குழம்பு. புகையிலையை நிறுத்தினாள், சரி. உப்பு என்ன பாவம் செய்தது?

சாயங்காலமானால் பக்கத்தில் இருக்கும் ஹபீப் முகம்மதுவின் கடைக்கு வந்துவிடுவார் வியாகுலம். கிளாரா காதில் விழட்டும் என்றே உரக்கப் புலம்புவார்.

"உப்பு, நமக் ஒண்ணும் இல்லாத சோறு தொண்டையில எறங்குமா, பாய்?"

பாய்க்கு இளகிய மனசு. உப்புக் கருவாட்டைப் பொட்டலம் கட்டி, யாருக்கும் தெரியாமல் கையில் திணிப்பார்.

ஒருநாள் கிளாரா பார்த்துவிட்டாள். பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு புருஷனை வீட்டுக்கு விரட்டினாள். பாய்க்குக் கோபம் வந்துவிட்டது.

"சாவுலேர்ந்து தப்பிச்சு வந்தவன். வாய்க்கு ருசியா தின்னா உனக்கு என்னம்மா?"

அவ்வளவுதான். கிளாரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அவிய இதயமும் கெட்டுக் கெடக்கு, பாய். வாயைப் புண்ணாக்குன அதே பொகையிலதான் ரத்தக்குழாயையும் அடைச்சிருக்குன்னு மெட்ராஸ் டாக்டர் சொல்லிட்டாரு. உப்பு ஆகவே ஆகாதாம். ஒண்ணுல பொழைச்ச மனுஷங்கிட்ட இன்னொண்ணை எப்படிச் சொல்லுவேன்? அவியளுக்குத் தெரியவே கூடாது."

அன்று ராத்திரி பாய்க்குச் சோறு இறங்கவில்லை. எத்தனை பொட்டலம் கொடுத்திருப்போம் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

மறுநாள் வியாகுலம் வழக்கம்போலப் புலம்ப ஆரம்பித்தார். பாய் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார்.

"இனிமே உனக்குக் கருவாடு பந்த்."

வியாகுலம் வீட்டுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சொல்லிட்டாளா?"

பாய் தலையாட்டினார்.

"பயப்படாதேயும். நீரு தந்ததெல்லாம் படகுத்துறைப் பூனைக்குத்தான் போச்சு. டாக்டரு மொதல்ல எங்கிட்டதான் சொன்னாரு."

தெரிந்துமா தினம் வந்து அவளைக் குறை சொல்கிறாய் என்று பாய் கேட்டார்.

"நான் பேசாம கஞ்சியைக் குடிச்சா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு கண்டுபிடிச்சிருவா. பெறவு என் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்து அழுவா. இப்ப தெம்பா சண்டையாவது போடுதா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினார். தெருவுக்கே கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்.

"ஏட்டி, இன்னைக்காவது கஞ்சியில உப்புப் போட்டியா?"